கால்விரல் சூடும் மானிட்டர் எண்ணும்

இதய தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியரின் டியூட்டி படுக்கையருகே நடக்கும் ஒப்படைப்போடு தொடங்குகிறது. போகிறவரும் வருகிறவரும் நோயாளியின் தலைமாட்டில் நின்று, மாரடைப்பு எத்தனை மணிக்கு வந்தது, எந்த ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள், இரவில் துடிப்பு தடுமாறியதா, கடைசி ஒரு மணிநேரத்தில் சிறுநீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். அத்தோடு விட்டுவிட முடியாது. கழுத்தில் போட்ட லைனிலிருந்து பம்ப் வரை ஒவ்வொரு டியூபையும் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் ஒட்டிய லேபிள், பம்ப்பில் ஓடும் எண், டாக்டர் எழுதிய அளவு மூன்றும் ஒன்றுதானா என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பிறகு போர்வையை விலக்கி நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பாதத்தைத் தொடுவதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் போதிய ரத்தத்தைத் தள்ளாதபோது உடல் முதலில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் ரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்குகிறது. அதனால் மானிட்டரில் பிரஷர் 110 என்று நிற்கும்போதே கால்விரல் சில்லிட்டுப் போயிருக்கலாம். அடுத்து சிறுநீர் குறையும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். அது 20 ஆகி, 10 ஆகும். நோயாளி காரணமில்லாமல் அமைதியிழப்பார், போர்வையை உதறுவார். பல நேரங்களில் பிரஷர் இறங்குவது இத்தனைக்கும் பிறகுதான். எண் விழுந்த பிறகு ஓடுவது எவராலும் முடியும். எண் விழுவதற்கு முந்தைய இரண்டு மணிநேரத்தைப் படிக்கத் தெரிந்தவரே இந்தப் பிரிவுக்கு உரிய செவிலியர்.

இந்தப் பிரிவு என்ற ஏற்பாடே செவிலியரை நம்பி உருவானது. மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே நின்ற இதயத்துக்கு ரத்தம் ஓட்டலாம் என்று பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 1960-ல் எழுதியது. மறு ஆண்டே, மாரடைப்பு நோயாளிகளை ஓரிடத்தில் வைத்துத் துடிப்பை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும் என்று எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் எடுத்துரைத்தார். 1962-ல் ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்சர் தொடங்கிய பிரிவில் ரோஸ் பின்னியோ என்ற செவிலியர் முக்கியப் பங்காற்றினார். துடிப்பு குலைந்தால் டாக்டர் வரும்வரை காத்திராமல் செவிலியரே ஷாக் கொடுக்கலாம் என்பது அங்கே வகுத்த முறை. கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும் நிலையில், ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. படுக்கையருகே எப்போதும் நிற்பவரிடம் அந்த அதிகாரம் வந்த பிறகே, தனிப் பிரிவு அமைத்ததற்குப் பலன் கிடைத்தது.

மானிட்டர் சரியாகச் சொல்ல வேண்டுமானால் எலக்ட்ரோடு சரியாக ஒட்ட வேண்டும். வியர்வையைத் துடைத்து, முடியிருந்தால் கத்தரித்து, தோலை லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டினால்தான் கோடு தெளிவாக வரும். வயரின் நிறத்தை நம்பி ஒட்டுவதிலும் கவனம் தேவை. ஒரு முறைப்படி தயாரான மானிட்டரில் வலது தோளுக்கு வெள்ளை வயர், இன்னொரு முறையில் அதே இடத்துக்குச் சிவப்பு. இரண்டு வகையும் ஒரே வார்டில் இருப்பதுண்டு.

காலையில் நோயாளி பல் தேய்க்கும்போது கை ஆடுவதால் மானிட்டரில் வரும் கோடு, உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பைப் போலவே இருக்கும். அலாரம் அலறும். திரையில் பக்கத்திலேயே விரல் கிளிப் காட்டும் நாடி அலை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதையும்விட, படுக்கையை நோக்கித் திரும்பி, ‘ஐயா, என்ன பண்றீங்க?’ என்று கேட்டால் போதும்; பிரஷ் வாயில் இருக்கும். இப்படிப் பொய் அலாரங்கள் நாள் முழுக்க அடித்தால் காது மரத்துப்போய் உண்மையான ஒன்றைத் தவறவிடும் அபாயம் உண்டு. ஆகவே எல்லோருக்கும் ஒரே எல்லை வைக்காமல், அந்தந்த நோயாளிக்கு ஏற்ப அலாரம் எல்லையை ஷிப்டின் தொடக்கத்திலேயே திருத்தி வைப்பது அவசியம். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று அலாரத்தை நிறுத்தி வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

மணிக்கட்டுத் தமனியில் லைன் போட்டுப் பிரஷரை நொடிக்கு நொடி பார்க்கும்போது இன்னொரு நுட்பம் இருக்கிறது. அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மார்பின் நான்காவது விலா இடைவெளியும் பக்கவாட்டின் நடுக்கோடும் சந்திக்கும் இடமே அந்த மட்டம். டிரான்ஸ்டியூசர் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் பிரஷர் ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். துணி மாற்ற யாராவது படுக்கையை உயர்த்தி, கம்பத்தில் கட்டிய டிரான்ஸ்டியூசரை அப்படியே விட்டுவிட்டால், உண்மையில் குறைந்திருக்கும் பிரஷர் திரையில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். படுக்கையை அசைத்தால் மட்டத்தைத் திரும்பப் பார்ப்பது அதனால் கைப்பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

மருந்துகளில் அதிகக் கவனம் கேட்பது, பிரஷரைத் தூக்கி நிறுத்தும் நோர்அட்ரீனலின். 4 மில்லிகிராம் மருந்தை 50 மில்லி சிரிஞ்சில் கலந்தால் மில்லிக்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்கு, கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் பம்ப்பில் மணிக்கு 4.5 மில்லி. சிரிஞ்சு 11 மணிநேரம் வரும். அளவு மூன்று மடங்கானால் அதே சிரிஞ்சு நான்கு மணிநேரத்துக்குள் காலியாகும். இந்த மருந்தின் வேலை உடலில் ஓரிரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். சிரிஞ்சு தீர்ந்த பிறகு புதியதைக் கலக்கத் தொடங்கினால் நோயாளியின் பிரஷர் அதற்குள் சரிந்திருக்கும். எனவே அரை மணிநேரம் முன்பே அடுத்த சிரிஞ்சைக் கலந்து, லேபிள் ஒட்டி, முடிந்தால் இரண்டாவது பம்ப்பில் ஏற்றி ஓடவிட்டு, பிரஷர் ஏறத் தொடங்கியதும் பழையதை நிறுத்துகிறார்கள். அந்த லைனில் வேறு ஊசி போடக் கூடாது. டியூபுக்குள் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் பிரஷர் எகிறிவிடும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் பார்ப்பதற்குச் சாதாரண உப்புநீர் ஆம்பியூலைப் போலத்தான் இருக்கும். நீர்க்கச் செய்யாமல் நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதைத் தனி அலமாரியில் பூட்டி வைப்பதும், இன்னொருவர் சரிபார்த்த பிறகே கலப்பதும் அதனால்தான். ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். சிறுநீர் நிறையப் போக ஊசி போட்ட நோயாளிக்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து, மெதுவாக ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

பைபாஸ் அறுவை முடிந்து ஒருவர் வந்த முதல் சில மணிநேரத்தில் செவிலியருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது அப்போது குறைக்க முடியாத தேவை. உடல் குளிர்ந்து வந்திருக்கும். சூடேற ஏற ரத்தக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும். அதை எதிர்பார்த்துத் தயாராக நிற்க வேண்டும். மார்பிலிருந்து வரும் டிரெயின் டியூபில் எவ்வளவு ரத்தம் இறங்குகிறது என்பதை மணிக்கு மணி குறிக்கிறார்கள். அதிகமாக இறங்கினால் எல்லோரும் பதறுவார்கள். 150, 120 மில்லி என்று இறங்கிக்கொண்டிருந்தது திடீரென நின்றுபோனால், ரத்தம் நின்றுவிட்டது என்று புதியவர் நிம்மதி அடையக்கூடும். அனுபவசாலிக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். டியூபில் கட்டி அடைத்துக்கொண்டு, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெருக்கத் தொடங்கியிருக்கலாம். கழுத்து லைனில் அழுத்தம் ஏறி, பிரஷர் இறங்கி, சிறுநீரும் நின்றால் சர்ஜனை உடனே கூப்பிட வேண்டும். மார்பைத் திரும்பத் திறப்பதற்கான கருவித் தட்டு அந்தப் பிரிவிலேயே எட்டும் தூரத்தில் இருப்பது இதற்காகத்தான்.

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வருபவரிடம் பார்க்க வேண்டியது வேறு. தொடை வழியாகச் செய்திருந்தால் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். துளைத்த இடத்தில் வீக்கம், பாதத்தில் நாடி இரண்டையும் அடிக்கடி பார்க்க வேண்டும். வெளியே சொட்டு ரத்தம் தெரியாமல், இடுப்பு வலிக்கிறது என்று மட்டும் நோயாளி சொல்லிப் பிரஷர் இறங்கினால், ரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் கசிகிறதோ என்று நினைக்க வேண்டும். நெஞ்சைத் தடவிக்கொண்டு ‘ஒண்ணுமில்ல சிஸ்டர், வாயுதான்’ என்று சொல்பவரும் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெளிவாகத் தெரியாமலே அடைப்பு வருவதுண்டு. ‘வாயுவாவே இருக்கட்டும் ஐயா, ஒரு ஈசிஜி பாத்துடலாம்’ என்று சொல்லி 10 நிமிடத்துக்குள் எடுத்து, பழைய ஈசிஜியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான பதில்.

துடிப்பு நின்றால் செய்ய வேண்டியவை எல்லோருக்கும் மனப்பாடம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். பைபாஸ் முடிந்து சில நாட்களே ஆனவருக்கு மட்டும் முறை மாறும். ஒரு நிமிடத்துக்குள் ஷாக் கொடுக்க முடியுமானால் மார்பை அழுத்தும் முன் அடுத்தடுத்து மூன்று ஷாக் வரை கொடுக்கிறார்கள். புதுத் தையலும் ஒட்டிய குழாயும் அழுத்தத்தில் கிழியக்கூடும். ஷாக் மெஷினைத் தினமும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதும், எமர்ஜென்சி டிராலியில், மூச்சுக்குழாயில் டியூப் போட உதவும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் சலிப்பான வேலைகள். ஒருநாள் செய்யாமல் விட்டது, துடிப்பு நின்ற நிமிடத்தில்தான் தெரியவரும்.

இரவு டியூட்டியின் சிறு வேலைகளும் இதயத்தோடு சம்பந்தப்பட்டவையே. மலம் கழிக்க முக்கினால் துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரலாம். ‘அம்மா, முக்காதீங்க, இளக்குற மருந்து தரச் சொல்லியிருக்கேன்’ என்று சொல்வது கூச்சப்படும் வயதானவருக்குப் பெரிய ஆறுதல். விளக்கைக் குறைத்து, மருந்து, ஊசி, ரத்தம் எடுப்பது எல்லாவற்றையும் ஒரே வேளையில் முடித்தால் நோயாளி இரண்டு மணிநேரமாவது தொடர்ந்து தூங்குவார். தூக்கம் கெட்டவர்கள் இடம் தெரியாமல் பேசுவதும் லைனைப் பிடுங்குவதும் நடக்கும். வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் ‘ராத்திரி நல்லா தூங்கினார், காலையில இட்லி கேட்டார்’ என்று ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தையும் வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வார்டுக்கு அனுப்பும்போது கற்பித்தல் தொடங்குகிறது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவதோ பேரனைத் தூக்குவதோ பைக் ஓட்டுவதோ கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் ஒருநாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்குவதற்காக யாராவது நிறுத்தச் சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.