கூரை திறக்கும் காரை விற்கும்போது

சென்ற நவம்பரில், நான் பணியாற்றும் பெங்களூருக் கிளைக்கு நெடுநாளைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவரிடம் 2013ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ. இசட்4 கார் ஒன்று இருந்தது. இருவர் மட்டுமே அமரக்கூடிய கன்வெர்ட்டிபிள். பொத்தானை அழுத்தினால் சுமார் 20 விநாடிகளில் உலோகக் கூரை மடிந்து பின்புறப் பெட்டிக்குள் அடங்கிவிடும். முழங்கால் வலி வந்தபின், தாழ்வான அந்த இருக்கையில் அமர்வதும் எழுவதும் அவருக்கு இயலாமல் போயிற்று. கொச்சியிலிருந்து ஒருவர் வாங்க முன்வந்தார். விலையும் பேசி முடிந்தது. ஆனால் பதிவுச் சான்றிதழைப் பார்த்ததும் அவர் தயங்கினார். அதில் இன்னமும் நம் வங்கியின் பெயர் இருந்தது.

“கடனை 2018லேயே அடைத்துவிட்டேனே, சார்” என்றார் வாடிக்கையாளர். உண்மைதான். தடையின்மைச் சான்றிதழையும் 35ஆம் எண் படிவத்தையும் அப்போதே வழங்கியிருந்தோம். அவற்றை அவர் அலமாரியில் பத்திரப்படுத்தினாரே தவிர, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்ப்பிக்கவில்லை. அச்சான்றிதழ் பொதுவாக மூன்று மாத காலமே ஏற்கப்படும். புதிதாக ஒன்று வழங்கி, வங்கியின் பெயர் நீக்கப்பட்ட பின்னரே பேச்சு தொடர்ந்தது. கடன் முடிந்த வாடிக்கையாளர்களில் பலர் செய்யும் பிழை இது.

மற்றபடி அவர் காரைப் பேணிய விதம் வியக்கத்தக்கது. இத்தகைய காரை வாங்க வருபவர் எஞ்சினைவிடக் கூரையையே முதலில் ஐயுறுவார். கூரையைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டைகள் வெயிலில் வெடிக்கும். மழைநீர் வடியும் துளைகளை இலைச்சருகு அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் கூரையை இயக்கும் பம்பின் மோட்டாரைக் கெடுத்துவிடும். அதன் பழுதுச் செலவு சிறிதன்று. நம் வாடிக்கையாளர் ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் அத்துளைகளைச் சுத்தம் செய்வித்து, ரசீதுகளைக் கோப்பில் வைத்திருந்தார். கூரை முழுவதுமாகத் திறந்து மூடுவதைக் காணொளியாக எடுத்து முன்கூட்டியே அனுப்பவும் செய்தார். வாங்குபவர் பேரம் பேசாததற்கு அந்தக் கோப்பே காரணம் என்பது என் கணிப்பு.

விலை குறித்து ஒரு சொல். காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள மதிப்பைச் சந்தை விலை என்று பலர் கொள்கின்றனர். ஐந்தாண்டுகளைக் கடந்த வாகனத்திற்கு அம்மதிப்பு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் ஒப்புக்கொள்வதே. நாடுபவர் சிலரே உள்ள இத்தகைய காருக்கு அது வழிகாட்டியாகாது. தகுந்த ஒருவர் வரும்வரை காத்திருக்கும் பொறுமையும் விற்பவருக்கு வேண்டும்.

கொச்சிக்காரருக்கு முன்னர் இன்னொருவர் தொலைபேசியில் அழைத்திருந்தார். தம்மை ராணுவ அதிகாரி என்று கூறிக்கொண்டு, காரைப் பார்க்காமலே முன்பணம் தருவதாகச் சொல்லி, கியூ.ஆர். குறியீடு ஒன்றை அனுப்பினார். பணம் பெறுவதற்குக் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ ரகசிய எண்ணை இடவோ தேவையே இல்லை. வாடிக்கையாளர் எங்களைக் கேட்டதால் தப்பினார். பணம் வந்துவிட்டதாகக் காட்டும் படத்தை நம்பியும் சாவியைக் கொடுக்கலாகாது. நம் கணக்கில் தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். ரொக்கமாகத் தர விரும்புவோரும் உண்டு. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான அபராதம், அதுவும் பெற்றவருக்கே.

பணம் வந்ததும் கடமை முடிந்தது என்று எண்ணுவது ஆபத்தானது. கார் விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் வாகனம் பல கைகள் மாறியிருந்தும், பதிவில் முதல் உரிமையாளரின் பெயரே நீடித்தது. ஆகவே 29, 30ஆம் எண் படிவங்களில் வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கையெழுத்திட்டுக் கொடுத்தல் கூடாது. மாநிலத்திற்குள் விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 28ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்றும் வேண்டும். அதற்குரிய காலம் 45 நாட்கள். அங்கீகாரம் பெற்ற பழைய கார் விற்பனையாளரிடம் ஒப்படைப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் 29-சி படிவம் நடைமுறையில் உள்ளது.

காப்பீட்டில் கோரிக்கை இல்லாமைக்கான தள்ளுபடி காருக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. அதற்கான சான்றைப் பெற்றுக்கொண்டால் மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது பயன்படும். ஃபாஸ்டேக் கணக்கையும் மூடிவிட வேண்டும். இல்லையேல் கார் அடுத்தவருடையது, சுங்கக் கட்டணம் நம்முடையது.

ஜனவரியில் கார் கொச்சிக்குச் சென்றது. வாடிக்கையாளர் அதன்பின் வாரந்தோறும் வாங்கியவரை அழைத்து விசாரித்துவந்தார். மார்ச் மாதத்தில், புதிய பெயருடன் வந்த பதிவுச் சான்றிதழின் நகலை எங்களுக்கும் காட்டிவிட்டு, அடுத்த காருக்கான கடன் விண்ணப்பத்தைக் கேட்டார். இம்முறை இருக்கை உயரமாக உள்ள கார்.