பக்கத்து சீட் புலம்பல்... காதும் கொடுக்கணும், வேலையும் முடிக்கணும்!

காலை 10 மணி. ஓர் ஆடிட்டர் அலுவலகம். தேதி 18. இருபதாம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய பார்ட்டிகளின் பில் கட்டுகள் மேஜையில் குவிந்து கிடக்கின்றன. அந்த இளம்பெண் கம்ப்யூட்டரை ஆன் செய்து முதல் கட்டைப் பிரிக்கிறார். பக்கத்து நாற்காலி நகர்ந்து வரும் சத்தம்.

"ஏம்மா, நேத்து ராத்திரி எங்க வீட்டுல நடந்த கூத்து தெரியுமா?"

மாமியார் சொன்ன ஒரு வார்த்தை, கணவர் வாயே திறக்காதது, நாத்தனார் போனில் ஏற்றிவிட்டது... கதை முடியும்போது மணி 11. சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் பாகம். மாலை பஸ் ஸ்டாப்பில் மூன்றாம் பாகம். இரவு வாட்ஸ்அப்பில் ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ். இளம்பெண் எல்லாவற்றுக்கும் "ம்... ம்..." என்கிறார். மறுநாள் ஒரு பில்லின் தொகை தப்பாக ஏறியிருப்பதைப் பார்த்து ஆடிட்டர் சத்தம் போடுகிறார். திட்டு விழுவது கதை கேட்டவருக்கு!

பல அலுவலகங்களில் தினமும் நடக்கும் காட்சி இது. பெண்கள்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். இ.எம்.ஐ. கட்ட முடியவில்லை, பங்காளி நிலத்தை எழுதித் தர மறுக்கிறான், பையன் பேச்சைக் கேட்பதில்லை என்று டீக்கடை பெஞ்சில் அரை நாளைக் கரைக்கும் ஆண்களும் உண்டு.

ஏன் நம்மிடமே வருகிறார்கள்?

வீட்டுப் பிரச்னையை வீட்டுக்குள் பேச முடியாது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் அது ஊர் சுற்றி வரும். அலுவலகத் தோழிக்கு மாமியாரையும் தெரியாது, நாத்தனாரையும் தெரியாது. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் இருப்பவர். எழுந்து போகவும் மாட்டார். மனபாரத்தை இறக்கிவைக்க இதைவிட வசதியான இடம் எது?

முதல் சில நாள்கள் கேட்பவருக்கும் அது பெருமையாகத்தான் இருக்கும். 'நம்மை நம்பிச் சொல்கிறாரே' என்று தோன்றும். போகப் போக, அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே மனம் சோர்ந்துபோகும்.

அதற்குக் காரணம் உண்டு. எதிரில் இருப்பவரின் முகபாவம், குரல், உட்காரும் விதம் ஆகியவற்றை நம்மை அறியாமலே நாமும் பின்பற்றுகிறோம். அந்த உணர்வும் நம்மிடம் ஒட்டிக்கொள்கிறது. எலைன் ஹாட்ஃபீல்ட் உள்ளிட்ட அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1990-களில் இதை 'உணர்ச்சித் தொற்று' என்று விளக்கினார்கள். அடுத்தவர் வீட்டுச் சண்டையைக் கேட்டுவிட்டு, நம் வீட்டில் பிள்ளையிடம் எரிந்து விழுவது இப்படித்தான்.

கேட்டுக்கொண்டே இருப்பது உதவியா?

'பாவம், சொல்லி அழுதால் பாரம் குறையும்' என்பது ஓரளவுக்கு உண்மை. ஆனால், ஒரே விஷயத்தைத் தினமும் பேசினால்?

அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா ரோஸ், பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிரச்னைகளைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து அசைபோடும் தோழர்களிடையே நெருக்கம் அதிகமாக இருந்தது. கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. பெரியவர்களின் வாழ்க்கைக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம். புலம்பலில் வளர்வது நட்பு மட்டும் அல்ல, கவலையும்தான்.

ஆகவே, எல்லை போடுவது கல்நெஞ்சம் ஆகாது. வேலையைப் பார்த்துக்கொண்டே அரை மனதோடு மூன்று மணி நேரம் 'ம்' போடுவதைவிட, முகத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கேட்பது மேல்.

எப்படிச் சொல்வது?

* நேரம் குறியுங்கள்: "அக்கா, கேட்கவே கஷ்டமா இருக்கு. இப்போ ரிட்டர்ன் வேலை கழுத்தை நெரிக்குது. ஒரு மணிக்குச் சாப்பிடும்போது பேசலாமா?" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஒரு மணிக்கு நீங்களே போய் அழையுங்கள். அப்போதுதான் அது தட்டிக்கழித்ததாகத் தெரியாது.

* கேள்வி கேளுங்கள்: "நீங்க என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். நடந்ததையே சுற்றிவரும் பேச்சு, அடுத்து செய்ய வேண்டியதன் பக்கம் திரும்பும். அவரிடம் பதில் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

* போனுக்கும் எல்லை: ராத்திரி வரும் வாய்ஸ் மெசேஜுக்கு ராத்திரியே பதில் போட வேண்டியதில்லை. "பிள்ளைங்களைத் தூங்க வைக்கணும்க்கா, காலையில பேசறேன்" என்று இரண்டு முறை சொன்னால் புரிந்துகொள்வார்.

* பேச்சை மாற்றுங்கள்: அவரிடம் துன்பத்தை மட்டுமே கேட்டால் அதை மட்டுமே சொல்வார். பொண்ணு பரீட்சை எப்படி எழுதினாள், போன வாரம் கொண்டுவந்த வத்தக்குழம்பு எப்படி வைத்தது என்று நீங்களாகக் கேட்டுப் பாருங்கள்.

இவை வேண்டாம்

"அந்த ஆளை விட்டுட்டு வந்துடுங்க" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். நாளைக்கு அவர்கள் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். வில்லி ஆவது நீங்கள்தான். "இதென்ன பெரிசு, எங்க வீட்டுல..." என்று போட்டிக்கு இறங்க வேண்டாம். பரிதாபப்பட்டு, உங்களால் தாங்க முடியாத தொகையைக் கைமாற்றாகக் கொடுக்க வேண்டாம். முக்கியமாக, கேட்ட கதையை அடுத்த மேஜைக்குக் கடத்தாதீர்கள்.

எவ்வளவு சொல்லியும் மாறவில்லை, வேலை கெடுகிறது என்றால் மேலதிகாரியிடம் போகலாம். அங்கேயும் "பேச்சினால் என் வேலை தடைபடுகிறது, இடம் மாற்றித் தர முடியுமா?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் வீட்டு விஷயம் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

இது வெறும் புலம்பல் அல்ல

சில வார்த்தைகளை ஒரு மணி வரை தள்ளிப்போடக் கூடாது. அடி விழுகிறது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், வீட்டைவிட்டு வெளியே தள்ளுகிறார்கள் என்றால் அது மாமியார் - மருமகள் சண்டை அல்ல. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டுமல்ல, சொல்லால் வதைப்பதையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112.

"நான் இல்லாட்டிதான் எல்லாருக்கும் நிம்மதி" என்று யாராவது சொன்னால், பில் கட்டைக் கீழே வையுங்கள். "சாகணும்னு தோணுதாக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'ஒருத்தராவது கவனிச்சாங்களே' என்ற தெம்புதான் வரும். அவரைத் தனியே விடாமல், அவர் நம்பும் ஒருவருக்குத் தகவல் சொல்லுங்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் இந்தச் சேவையில் 24 மணி நேரமும் கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். எண்ணை எழுதிக் கொடுப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுப்பது நல்லது. தினமும் புலம்பியவர் திடீரென்று ஒரேயடியாக அமைதியானாலும், "என்னக்கா, ரெண்டு நாளா பேசவே இல்லை?" என்று விசாரியுங்கள்.

அந்த ஆடிட்டர் அலுவலக இளம்பெண்ணைப் போல நாள் முழுக்க 'ம்' போட்டுக்கொண்டிருப்பவர் தவறவிடுவது பில் தொகையை மட்டும் அல்ல. நூறு புலம்பல்களுக்கு நடுவே வரும் அந்த ஒரு வாக்கியத்தையும்தான். காது எப்போதும் திறந்தே கிடக்க வேண்டியதில்லை. திறக்கும் நேரத்தில் முழுசாகத் திறந்திருந்தால் போதும்.