பழக்கமில்லாதவர் மெல்லோட்டம் தொடங்கும் முறை

தேகப் பயிற்சிகளுள் குறைந்த செலவில் செய்யத்தக்கது ஓட்டமாகும். ஆயினும், பல ஆண்டுகள் அமர்ந்தே பணியாற்றிய ஒருவர் ஒரு நாள் காலையில் திடீரெனப் புறப்பட்டு மூச்சிரைக்க ஓடுவாராயின், சில வாரங்களுக்குள் முழங்காலிலோ கணுக்காலிலோ நோவு கண்டு அம்முயற்சியைக் கைவிட நேரிடுகிறது. இதற்கு மன உறுதியின்மையைக் காரணமாகக் கூறுவது வழக்கம். உண்மைக் காரணம் உடலின் இயல்பில் உள்ளது. அதனை அறிந்து தொடங்கினால் நடுவயதினரும் இப்பயிற்சியால் நன்மை பெறலாம்.

கேரளத்தின் கிழக்கு எல்லையிலுள்ள இரு நிலப்பகுதிகள் இதனை விளக்க ஏற்றவை. ஒன்று, பாலக்காட்டுக் கணவாயை அடுத்த சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய சமவெளி ஊர்கள். மற்றொன்று, இடுக்கி ஜில்லாவின் மூணாறு, தேவிகுளம் முதலிய மலையூர்கள். 2010-ஆம் ஆண்டு குவாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் 5,000 மீட்டரில் வெள்ளியும் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கியில் பிறந்தவர். பாலக்காட்டைத் தம் ஊராகக் கொண்டவர். 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் ஆசியத் தடகளப் போட்டிகளின் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பி.யூ. சித்ரா பாலக்காட்டை அடுத்த முண்டூரைச் சேர்ந்தவர். இத்தகையோரின் வேகத்தைப் புதியவர் பின்பற்றலாகாது; படிப்படியாகப் பழகும் ஒழுங்கையே பின்பற்ற வேண்டும்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓய்வில் இருப்பவரின் இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. ஓடும்போது தசைகளுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவைப்படுவதால் இவ்வளவு பன்மடங்காகிறது. பழக்கமில்லாதவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்த அளவே வெளியேற்ற வல்லதாதலால், துடிப்பின் எண்ணிக்கையைப் பெருக்கியே அத்தேவையை ஈடு செய்கிறது. சில வாரப் பயிற்சியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. தசைகளிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் வளர்கின்றன. ஆகவே மூச்சிரைப்பு விரைவிலேயே குறைந்துவிடுகிறது.

எலும்பும் தசைநாணும் இவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. அவற்றிற்குப் பல மாதங்கள் வேண்டும். ஓடுகையில் ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. அறுபது கிலோ எடையுள்ளவரின் காலில் இது 120 முதல் 180 கிலோ பாரத்திற்கு நிகராகும். நிமிடத்திற்கு 160 அடிகள் வீதம் பத்து நிமிடம் ஓடினால், ஒவ்வொரு காலும் 800 முறை இப்பாரத்தைத் தாங்க வேண்டும். மூச்சு எளிதாகிவிட்டதென மகிழ்ந்து தூரத்தைத் திடீரென உயர்த்தும் மூன்றாம், நான்காம் வாரங்களிலேயே விழிப்பு மிகுதியும் தேவை.

தொடங்கும் முறை

முதலில் ஐந்து நிமிடம் விரைந்து நடக்க வேண்டும். பின்னர் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடத்தல் வேண்டும். இவ்வாறு ஆறு அல்லது ஏழு முறை செய்து, மெதுவான நடையுடன் முடிக்கலாம். வாரத்திற்கு மூன்று நாட்கள் போதும். இடையில் ஒரு நாளேனும் கால்களுக்கு ஓய்வு வேண்டும். வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி நடக்கும் நேரத்தைக் குறைத்து வந்தால், பத்து வார அளவில் பலர் இருபது நிமிடம் தொடர்ந்து ஓட இயலும். கடினமாகத் தோன்றிய வாரத்தை மீண்டும் ஒரு முறை செய்வதில் குறையொன்றுமில்லை.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. உடன் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரியானது. இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் உடனே நடைக்கு மாற வேண்டும்.

சமவெளியில் வெப்பம்

தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வியர்வை ஆவியாவதன் வாயிலாகவே அவ்வெப்பம் பெரும்பாலும் வெளியேறுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அத்தகைய நாட்களில் பகலில் ஓடுவது ஆபத்தானது. கணவாய் வழியே வறண்ட கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் வியர்வை தோன்றியவுடனே உலர்ந்துவிடுவதால், உடல் இழக்கும் நீரின் அளவு புலப்படுவதில்லை. எனவே காலை வெயில் ஏறுமுன் ஓடி முடித்து, தாகத்திற்கேற்ப நீர் அருந்த வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். தலைசுற்றலோ மனக்குழப்பமோ தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தி, நிழலில் இருத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, மருத்துவ உதவி பெற வேண்டும்.

மலையில் சரிவும் உயரமும்

மூணாறு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் சமவெளியிலிருந்து செல்பவர் முதல் சில நாட்கள் தம் வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மேட்டில் ஏறுகையில் மூச்சு வாங்குகிறது. இறக்கத்திலோ தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோவு காண்கிறது. ஏற்றத்திலும் இறக்கத்திலும் நடந்து, பள்ளி மைதானம் போன்ற சமதளத்தில் மட்டும் ஓடுவது புதியவருக்கு உகந்தது. சமவெளியினருக்குக் கூறிய விடியற்கால விதி இங்கே பொருந்தாது. காட்டானைகள் நடமாடும் தோட்டப் பாதைகளில் நன்கு வெளிச்சம் வந்தபின், துணையுடன் செல்வதே பாதுகாப்பானது.

மருத்துவரைக் கேட்க வேண்டியவர்

நெஞ்சுவலி, மயக்கம், இருதய நோய் ஆகியவற்றை உடையோர் மருத்துவரின் ஆலோசனையின்றித் தொடங்கலாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் செலுத்திக்கொள்வோரும், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்வோரும் ஓடும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும். அவர்கள் சிறிது சர்க்கரையை உடன் வைத்திருத்தல் நன்று. பாத உணர்வு குன்றியவர் ஓடியபின் பாதங்களைப் பரிசோதிக்க வேண்டும்.

உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது வந்தோருக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, அதில் பாதியளவு கடும் உழைப்போ தேவை. இவ்வளவை எட்டாதவருக்கும் சிறிதளவு உழைப்பு பயன் தருமென அப்பரிந்துரை கூறுகிறது. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பவரும் அப்பயனைப் பெறத் தொடங்கிவிட்டவரேயாவர்.