‘கடனை அடைக்க மின்கம்பத்தை விற்கலாமா?’ - 2 ஆட்சிகளைக் கவிழ்த்த குயின்ஸ்லாந்து கேள்வி!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2012 மார்ச் மாதம் தேர்தல் நடந்தது. மொத்தம் 89 தொகுதிகள். அவற்றில் 78-ஐ அள்ளிக்கொண்டு போனது எதிர்க்கட்சியாக இருந்த எல்.என்.பி எனப்படும் லிபரல் நேஷனல் கட்சி. ஆளுங்கட்சியான தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 7. ‘மொத்த எம்.எல்.ஏ-க்களையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம்’ என்று ஊரே கேலி பேசியது. டொயோட்டா டராகோ என்ற வேனின் பெயரையே அந்தக் கட்சிக்குப் பட்டப்பெயராக வைத்தவர்களும் உண்டு.

மூன்றே ஆண்டுகள். 2015 ஜனவரி 31-ல் அடுத்த தேர்தல். 78 இடங்களோடு வந்த ஆட்சி கவிழ்ந்தது. மாநிலத்தின் பிரீமியர், அதாவது நம் ஊர் கணக்கில் முதலமைச்சர், கேம்ப்பெல் நியூமன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். வேனில் அடங்கிவிடும் என்று கேலி செய்யப்பட்ட கட்சி அரியணை ஏறியது!

இந்த இரண்டு தேர்தல்களிலும் பிரசாரத்தின் நடுவில் நின்ற பொருளாதாரக் கேள்வி ஒன்றேதான். மாநிலத்தின் கடனை அடைக்க, மாநிலத்தின் சொத்தை விற்கலாமா?

கடன் எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவில் மருத்துவமனை, பள்ளி, காவல்துறை, ரயில் எல்லாம் மாநில அரசுகளின் பொறுப்பு. ஆனால், வருமான வரி 1942 முதல் மத்திய அரசின் கையில். 2000-ம் ஆண்டு ஜூலையில் அறிமுகமான ஜி.எஸ்.டி பணம் மாநிலங்களுக்குத்தான் போகிறது என்றாலும், யாருக்கு எவ்வளவு என்பது ஒரு சூத்திரப்படி பிரிக்கப்படுகிறது. மீதியை நிலம், வீடு பத்திரப்பதிவுக்கான முத்திரைத் தீர்வை, நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்தின் மீதான வரி, சுரங்க ராயல்ட்டி ஆகியவற்றில்தான் தேற்ற வேண்டும்.

குயின்ஸ்லாந்து நிலக்கரி மாநிலம். 2008-ல் உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, நிலக்கரியும் வீட்டு விற்பனையும் ஒருசேர அடி வாங்கின. 2009 பிப்ரவரியில் மாநிலத்தின் ‘ட்ரிபிள் ஏ’ கடன் தரமதிப்பீடு பறிபோனது. தரம் குறைந்தால் கடனுக்கான வட்டி கூடும் என்ற கவலை வந்தது. பிறகு 2011 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரை மூழ்கடித்த வெள்ளம், அடுத்த மாதமே யாசி புயல் என்று செலவுகள் வரிசைகட்டின.

வாக்குப்பதிவுக்குப் பிறகு வந்த அறிவிப்பு

அப்போது பிரீமியராக இருந்தவர் தொழிலாளர் கட்சியின் அனா பிளை. 2009 மார்ச் தேர்தலில் வென்று, ஆஸ்திரேலியாவில் மாநிலத் தேர்தல் ஒன்றில் வெற்றிபெற்ற முதல் பெண் பிரீமியர் என்ற பெருமையைப் பெற்றவர். அந்த வெற்றிக்கு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. சுமார் 1,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பிலான அரசு சொத்துகள் தனியாருக்குப் போகும் என்றார் பிளை. நிலக்கரி ஏற்றிச்செல்லும் சரக்கு ரயில் நிறுவனம், பிரிஸ்பேன் துறைமுகம், சுங்கச்சாலைகள், அரசின் மரத்தோட்டங்கள், அபாட் பாயின்ட் நிலக்கரி முனையம் எல்லாம் பட்டியலில் இருந்தன. கூடவே, மாநில அரசு கொடுத்துவந்த பெட்ரோல் மானியமும் நிறுத்தப்பட்டது.

அபாட் பாயின்ட் முனையத்தை 2011-ல் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்தது நமக்குப் பழக்கமான ஒரு பெயர்தான்... இந்தியாவின் அதானி குழுமம். விலை 183 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

பிளை தரப்பு சொன்ன காரணம் எளிமையானது. வருமானம் சரிந்த நேரத்தில் பள்ளியும் மருத்துவமனையும் கட்ட வேண்டுமென்றால், வியாபாரம் செய்யும் சொத்துகளை அரசு வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால், தேர்தல் மேடைகளில் இந்தத் திட்டம் பேசப்படவே இல்லை என்பதுதான் மக்களைச் சீண்டியது. தொழிலாளர் கட்சிக்கு எப்போதும் துணை நின்ற தொழிற்சங்கங்களே கொடி பிடித்தன. 2012-ல் கிடைத்த 7 இடங்களுக்கு, 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் அந்தக் கட்சியே ஆண்ட சலிப்பும் ஒரு காரணம். ஆனால், ‘எங்களிடம் கேட்காமலே விற்றுவிட்டீர்களே’ என்ற கோபம் அதில் பெரிய பங்கு வகித்தது.

புதியவரும் அதே வழியில்!

நியூமன் அதற்கு முன் பிரிஸ்பேன் மேயர். சட்டமன்றத்தில் உறுப்பினராக இல்லாமலே கட்சியை வழிநடத்தி, ஆஷ்குரோவ் தொகுதியில் வென்று நேராக பிரீமியர் நாற்காலியில் அமர்ந்தவர். மாநிலக் கணக்கை ஆராய, முன்னாள் மத்திய நிதியமைச்சர் பீட்டர் காஸ்டெல்லோ தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். செலவைக் குறையுங்கள், சொத்துகளை விற்றுக் கடனை அடையுங்கள் என்பதுதான் அந்தக் குழு கொடுத்த மருந்து.

முதல் வெட்டு அரசு ஊழியர்கள் மீது விழுந்தது. அவர்கள் பயப்படத் தேவையில்லை என்று பிரசாரத்தில் நம்பிக்கை கொடுத்திருந்த நியூமனின் அரசு, 2012 செப்டம்பர் பட்ஜெட்டில் 14,000 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. அடுத்து அரசு மருத்துவர்களின் பணி ஒப்பந்தம், தலைமை நீதிபதி நியமனம், மோட்டார் சைக்கிள் கும்பல்களுக்கு எதிரான கடும் சட்டம் என மோதல்கள் தொடர்ந்தன. குயின்ஸ்லாந்தில் மேலவை கிடையாது. 1922-லேயே ஒழித்துவிட்டார்கள். கீழவையில் 78 பேர் இருந்தால் நினைத்ததெல்லாம் சட்டமாகிவிடும். வேகத்தடை என்று ஒன்று இருந்தால், அது தேர்தல் மட்டும்தான்.

விற்பனை இல்லை... குத்தகை!

பிளை செய்த தவறைச் செய்யக் கூடாது என்று நினைத்த நியூமனும் நிதியமைச்சர் டிம் நிக்கோல்ஸும், தேர்தலுக்கு முன்பே திட்டத்தை மக்கள் முன் வைத்தார்கள். மாநிலத்தின் கடன் சுமார் 8,000 கோடி டாலர். இதற்கு வரியைக் கூட்டலாமா, சேவையைக் குறைக்கலாமா, சொத்தை விற்கலாமா என்று விளம்பரம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். 2014 அக்டோபரில் இறுதித் திட்டம் வந்தது. விற்பனை என்ற பேச்சு ‘99 ஆண்டு குத்தகை’யாக மாறியிருந்தது.

எனர்ஜெக்ஸ், எர்கான், பவர்லிங்க் ஆகிய மின்கம்பி நிறுவனங்கள், மின் உற்பத்தி நிலையங்கள், கிளாட்ஸ்டன், டவுன்ஸ்வில் துறைமுகங்கள்... இவையெல்லாம் குத்தகைப் பட்டியலில் இருந்தன. எதிர்பார்த்த தொகை 3,700 கோடி டாலர். அதில் 2,500 கோடி கடனுக்கு, 860 கோடி புதிய சாலை, ரயில், பள்ளிகளுக்கு, 340 கோடி மின்கட்டணச் சுமையைக் குறைக்க என்று பிரித்துக் காட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றவர் அனஸ்டாசியா பலஷே. பிளை அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சராக இருந்தவர். கட்சி மண்ணைக் கவ்வியபோது தப்பிய ஏழு பேரில் ஒருவர். அவர் முன்வைத்த வாதம் நம் வீடுகளில் பேசும் பேச்சுபோல இருந்தது. மாதாமாதம் வாடகை வரும் வீட்டை விற்றுக் கடனை அடைத்தால், கடனோடு வாடகையும் போய்விடும் இல்லையா? மின் நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசுக்கு லாபப் பங்கு கொடுக்கின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்போம், நிறுவனங்களை இணைத்துச் செலவைக் குறைப்போம் என்றார்.

அரசுத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டிக்கே பெரும்பணம் போய்க்கொண்டிருந்தது. பலஷே சொன்ன வழியில் கடன் குறைய நீண்ட காலம் பிடிக்கும், அதுவரை புதிய மருத்துவமனைக்குப் பணம் ஏது என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். ஆனால், கேட்டவர்கள் மீதான நம்பிக்கை ஏற்கெனவே தேய்ந்திருந்தது. 99 ஆண்டுகளுக்குக் கொடுப்பது குத்தகையா, விற்பனையா என்று தெருவில் கேட்டார்கள். இன்றைக்கு வாக்களிப்பவர் எவரும் அந்தச் சொத்து திரும்பி வருவதைப் பார்க்கப்போவதில்லையே!

14 சதவிகிதம் புரண்ட காற்று

பள்ளி விடுமுறைக் காலமான ஜனவரியில் திடீரெனத் தேர்தலை அறிவித்தார் நியூமன். பெரும்பான்மை குறையும், ஆனால் ஆட்சி தப்பும் என்பதுதான் பரவலான கணிப்பு. நடந்ததோ வேறு. இரண்டு பெரிய கட்சிகளுக்கு இடையிலான வாக்குக் கணக்கில் சுமார் 14 சதவிகிதம் இடம் மாறியது. இடைத்தேர்தல் வெற்றிகளோடு 9 பேராக இருந்த தொழிலாளர் கட்சி 44 ஆனது. எல்.என்.பி 42-க்குச் சுருங்கியது. ஆஷ்குரோவில் நியூமனை வீழ்த்தியவர், 2012-ல் அவரிடம் தோற்ற கேட் ஜோன்ஸ். பீட்டர் வெலிங்டன் என்ற சுயேச்சை எம்.எல்.ஏ-வின் ஆதரவோடு 2015 பிப்ரவரி 14-ல் பலஷே பதவியேற்றார். 2016-ல் எனர்ஜெக்ஸும் எர்கானும் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

சிட்னியில் மட்டும் எப்படி ஜெயித்தது?

‘சொத்தை விற்றால் தோல்விதான்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. இரண்டே மாதங்களில், 2015 மார்ச் 28-ல், பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் தேர்தல். முன்னாள் வங்கியாளரான பிரீமியர் மைக் பேர்ட், மின்கம்பி நிறுவனங்களைக் குத்தகைக்கு விடுவேன் என்று சொல்லியே வாக்குக் கேட்டார். 93 இடங்களில் 54-ஐ வென்றார்.

வித்தியாசம் விவரங்களில் இருந்தது. பேர்ட் முழுவதையும் கொடுக்கவில்லை. மின்கம்பி வலையமைப்பில் 49 சதவிகிதம்தான் என்றார். கிராமப்புறங்களுக்கு மின்சாரம் தரும் எசென்ஷியல் எனர்ஜியைத் தொடவில்லை. வரும் பணத்தில் எந்த ரயில், எந்தச் சாலை என்று சிட்னிக்காரர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய பட்டியலைக் கொடுத்தார். மின்கம்பிக் கட்டணம் உயராது என்பதைக் கண்காணிக்கத் தனி ஆணையரை நியமிப்பதாக உறுதியளித்தார். முக்கியமாக, வாக்குறுதியை மீறியவர் என்ற பெயர் அவர் மீது இல்லை. அதே மாநிலத்தில், 2008-ல் மின்சாரத்தைத் தனியாருக்குக் கொடுக்க முயன்ற தொழிலாளர் கட்சி பிரீமியர் மோரிஸ் இயெம்மாவை அவர் கட்சி மாநாடே 702-க்கு 107 என்று எதிர்த்தது. சில மாதங்களில் அவர் பதவியை இழந்தார்.

2017 மார்ச்சில் மேற்கு ஆஸ்திரேலியாவில் மறுபடியும் இதே பரீட்சை. இரும்புத்தாது விலை சரிந்து கடன் ஏறிய நிலையில், வெஸ்டர்ன் பவர் மின் நிறுவனத்தின் 51 சதவிகிதத்தை விற்போம் என்றார் பிரீமியர் காலின் பார்னெட். கைவிட மாட்டோம் என்றார் தொழிலாளர் கட்சியின் மார்க் மெக்கவன். 59 இடங்களில் 41 மெக்கவனுக்கு!

மின்கட்டணத்துக்கு யார் பொறுப்பு?

குடும்பங்களுக்குக் கடைசியில் கையில் வருவது மின் பில்தான். அரசிடம் இருந்தால் கட்டணம் குறையும் என்பதும், தனியாரிடம் போனால் குறையும் என்பதும் இரு தரப்பும் விற்ற கனவுகள். ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை இரண்டையும் உடைத்தது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்களில் அரசு நிறுவனங்கள் மின்கம்பிகளில் தேவைக்கு மேல் முதலீடு செய்து, செலவை மக்கள் தலையில் கட்டியதை அது சுட்டிக்காட்டியது. 1990-களிலேயே மின்துறையைத் தனியார்மயமாக்கிய விக்டோரியாவில் கம்பிச் செலவு குறைவு. ஆனால், மின்சாரத்தை வீடுகளுக்கு விற்கும் நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட தொகை அங்கே அதிகம்.

பாடம் படித்த கட்சிகள்

2022-ல் நிலக்கரி விலை உச்சத்தில் இருந்தபோது, குயின்ஸ்லாந்து தொழிலாளர் கட்சி அரசு சுரங்க நிறுவனங்களுக்கான ராயல்ட்டியை உயர்த்தியது. அரசின் வருவாய் கூடியது. 2024-ல் ஒவ்வொரு வீட்டுக்கும் 1,000 டாலர் மின்கட்டணச் சலுகை, பஸ், ரயிலில் 50 சென்ட் கட்டணம் என்று சலுகைகள் வந்தன. ஆனாலும், 2024 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது. எல்.என்.பி-யின் டேவிட் கிரிசாஃபுல்லி பிரீமியர் ஆனார். நியூமன் அமைச்சரவையில் இருந்து, 2015-ல் சொந்தத் தொகுதியையும் பறிகொடுத்தவர் அவர். இந்த முறை அவர் பிரசாரத்தில் மின்கம்பிகளைக் குத்தகைக்கு விடும் பேச்சே இல்லை. 50 சென்ட் கட்டணமும் தொடரும் என்றார்.

கடன் இன்னும் தீரவில்லை. அதை அடைக்க மின்கம்பங்களைக் கொடுக்கச் சொல்லும் யோசனை நாளை மறுபடியும் வரலாம். ஆனால், எந்த நிதியமைச்சர் அதைக் கொண்டுவந்தாலும், மூன்று கேள்விகளுக்கு அவர் முன்கூட்டியே பதில் சொல்லியாக வேண்டும். எதைக் கொடுக்கிறீர்கள், வரும் பணத்தில் எங்கள் தெருவுக்கு என்ன வரும், இதைத் தேர்தலுக்கு முன் சொன்னீர்களா?