காலண்டரைக் கிழிக்குதா உங்க வீட்டு லவ் பேர்ட்ஸ்? திட்டாதீங்க... சேட்டை நின்னாதான் பிரச்னை!

உத்திரமேரூர் பக்கம் திருமுக்கூடலில் எங்க பெரியம்மா வீடு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒண்ணு சேர்கிற ஊர். அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு கூண்டு. பச்சை உடம்பும் ரோஜா நிற முகமுமா அதுக்குள்ள ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். ஒரு தடவை போனப்போ, கூண்டுக்குப் பக்கத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டர்ல பாதியைக் காணோம்.

"இன்னும் வராத தீபாவளியையே கிழிச்சிடுச்சு பாரு" என்று சிரித்தார் பெரியம்மா. கிழித்தவளைப் பார்த்தால், நீள நீளமான பேப்பர் துண்டுகளை முதுகில் சொருகிக்கொண்டு ஃபேன்சி டிரஸ் போட்டிக்குக் கிளம்பின மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு வாலு இருக்கா? அது ஏன் இதெல்லாம் பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா, திட்டவே மாட்டீங்க.

முதல்ல, அது நிஜமாவே லவ் பேர்ட்ஸா?

நம்ம ஊர்ல 'லவ் பேர்ட்ஸ்'னு சொல்லி விற்கப்படுவதில் நிறைய, உண்மையில் பட்ஜி. மெலிஞ்ச உடம்பு, நீள வால், தலையிலும் இறக்கையிலும் அலை அலையாக் கோடு இருந்தா அது பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா.

நிஜ லவ் பேர்ட்ஸ் குண்டா, குட்டை வாலோட இருக்கும். மொத்தம் 9 இனங்கள். 8 ஆப்பிரிக்காவில், ஒன்று மடகாஸ்கரில். பட்ஜிக்குப் பேச்சு நல்லா வரும். 'பக்' என்ற பட்ஜி 1,728 வார்த்தைகள் தெரிந்துவைத்திருந்ததாக கின்னஸ் பதிவே இருக்கு. லவ் பேர்ட்ஸ் பெரும்பாலும் பேசாது. அதனால அதோட சேட்டைதான் அதோட பேச்சு.

பேப்பர் கிழிப்பது ஏன்?

ஆற்றங்கரைப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்திருப்பீங்க. ஆண் குருவி ஓலையையும் புல்லையும் நாராகக் கிழித்து அதைப் பின்னும். ரோஜா முக லவ் பேர்ட்ஸில் இந்த வேலை பெண்ணுடையது. மரப்பட்டையையும் இலையையும் கிழித்து, முதுகின் பின்பக்க இறகில் சொருகிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். திருமுக்கூடல் கூண்டில் மரப்பட்டைக்கு எங்கே போக? காலண்டர்தான் மாட்டுச்சு.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமா ஊறியது தெரியுமா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்கர் 1962-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இறகில் சொருகும் ரோஜா முக இனத்தையும், அலகில் தூக்கிப்போகும் ஃபிஷர் இனத்தையும் கலந்து குஞ்சு பொரிக்க வைத்தார். பிறந்த கலப்பினப் பறவைகளுக்கு ஒரே குழப்பம். சொருகப் பார்க்கும், சரியா சொருகாது, கீழே விழும். அலகில் தூக்கிப்போகப் பழகிக்கொள்ளச் சில வருஷங்கள் ஆயின. அப்போதும் தூக்குவதற்கு முன்னால் முதுகுப் பக்கம் தலையைத் திருப்புகிற பழக்கம் மட்டும் முழுசாப் போகலை!

அலகால் தொங்குவது சர்க்கஸா?

கூண்டுக் கம்பியை அலகால் பிடித்து ஏறுவதைப் பார்த்திருப்பீங்க. நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். செங்குத்தாக ஏறும்போது அலகு தரும் விசை, கால் தரும் விசைக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருப்பதாக 2022-ல் சொன்னார்கள். அதாவது அலகு அதுக்கு மூணாவது கால். மெல்லிய கம்பிக்கு அடியில் அலகாலேயே தொங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடி நகர்வதையும் 2024-ல் பதிவுசெய்தார்கள்.

இன்னும் சில 'சங்கேத' சேட்டைகள்

* தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்ற தானியத்தைக் கக்கி ஜோடிக்கு ஊட்டுதா? அது காதல். உங்க விரல்லயோ கண்ணாடியிலயோ கக்கினாலும் அதே அர்த்தம்தான். கண்ணாடியில் தெரியறது தான்தான்னு அதுக்குப் புரியாது. அதனால கண்ணாடியை ஜோடிக்குப் பதிலா நினைக்காதீங்க.

* ராத்திரி தூங்கப் போகும்போது அலகை 'நறநற'ன்னு அரைக்குதா? பயப்படாதீங்க. நிம்மதியா இருக்குன்னு அர்த்தம்.

* கூண்டுக்குள்ள கை விட்டா கடிக்குதா? முக்கியமா பெண் பறவை, கூட்டுப் பானையைத் தன் வீடா நினைச்சுக் காவல் காக்குது. கையை வெடுக்குன்னு இழுத்துக் கத்தாதீங்க. அதுவே அதுக்கு விளையாட்டாகிடும்.

சேட்டை நின்றால்தான் ஆபத்து

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அந்த ஜோடியில் ஆண் பறவை இப்போ இல்லை.

ஒரு நாள் அது இறகை உப்பவெச்சுக்கிட்டு ஓர் ஓரமா உட்கார்ந்திருந்தது. "குளிருது போல, இன்னிக்குத்தான் சமத்தா இருக்கு" என்றார் பெரியம்மா. போன்ல கேட்ட எனக்கும் எதுவும் உறைக்கலை. மறுநாள் கூண்டின் தரையில் உட்கார்ந்தது. அதற்கடுத்த நாள் காலையில் எழவில்லை.

காட்டில் பலவீனமாகத் தெரியும் பறவையைத்தான் வேட்டைப் பறவை முதலில் குறிவைக்கும். அதனால் நோய் வந்தாலும் முடிந்தவரை காட்டிக்கொள்ளாது. வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே, பகல் முழுக்க இறகை உப்பவெச்சுத் தூங்கி வழிவது, தரையில் உட்காருவது, மூச்சு விடும்போது வால் ஏறி இறங்குவது, சாப்பிடாமல் இருப்பது, எச்சம் மாறுவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கு.

சேட்டைக்கு இடம் கொடுங்க

* வேலை இல்லாத பறவை தன் இறகையே பிடுங்க ஆரம்பிக்கலாம். மை இல்லாத வெள்ளைத் தாள், தென்னை ஓலை, மருந்து அடிக்காத வேப்பங்குச்சி கொடுங்க. கிழிச்சுத் தள்ளட்டும்.

* தினை, கம்பு மட்டும் போதாது. கீரை, கேரட் கொடுங்க. கால்சியத்துக்கு கணவாய் ஓடு மாட்டுங்க. அவகாடோவும் சாக்லேட்டும் அதுக்கு விஷம்.

* கூண்டை அடுப்படியில் வைக்காதீங்க. நான்-ஸ்டிக் தவா அதிகமா சூடேறினா வரும் புகை, சில நிமிஷங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

* ஜோடி செத்தா இன்னொண்ணும் செத்துடும்னு சொல்வாங்க. அப்படி ஒரு விதியும் இல்லை. ஆனால் தனிமை அதுக்கு ஆகாது. புதுப் பறவை வாங்கினால் ஒரு மாசம் தனிக் கூண்டில் வைத்துக் கவனிங்க. நோய் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு பக்கத்துப் பக்கத்துல வைத்துப் பழக்குங்க. பட்ஜியை இதுகூட ஒரே கூண்டில் விடாதீங்க. கால் விரலைக் கடிச்சுடும்.

* 'பாவம், பறக்கட்டும்'னு வெளியே விடாதீங்க. கூண்டிலேயே பிறந்த பறவைக்கு நம்ம ஊர்ல இரை தேடத் தெரியாது. நம்ம பச்சைக்கிளி கதை நேர் எதிர். அதைக் கூண்டில் அடைப்பதே 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஒரு விஷயத்தை வாங்குறதுக்கு முன்னாடியே யோசிங்க. நல்லா பார்த்துக்கிட்டா லவ் பேர்ட்ஸ் 10 வருஷத்துக்கு மேல வாழும். ரீல்ஸ் பார்த்த ஆசை அத்தனை நாள் தாங்குமா?

திருமுக்கூடல் கூண்டில் இப்போ மறுபடியும் ஜோடி. பெரியம்மா தினமும் காலையில் ஒரு வெள்ளைத் தாளைக் கூண்டுக்குள்ள சொருகிட்டுத்தான் காபி போடப் போறாங்க. போன வாரம் போன் பண்ணினப்போ, "எப்படி இருக்கு ரெண்டும்?" என்றேன்.

"ஒரே அட்டகாசம். நல்லா இருக்குதுங்க" என்றார்.

உங்க வீட்டு வாலு இன்னிக்கு என்ன சேட்டை பண்ணுச்சு? போய் ஒரு நிமிஷம் பார்த்துட்டு வாங்க!