சொண்டைப் பார்த்து அறியும் அன்னங்கள்

ஒரு குளத்தில் நூறு வெள்ளை அன்னங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றைக் காட்டி, "இது போன மாரியிலும் வந்த அன்னம்" என்று உறுதியாகச் சொல்ல முடியுமா, சகோதரிகளே? அன்னத்தைச் சேலைக் கரையிலும் கோலத்திலும் மட்டுமே கண்ட எனக்கு இது நம்ப முடியாததாகவே இருந்தது.

இங்கிலாந்தின் ஸ்லிம்பிறிட்ஜில் ஒரு நீர்ப்பறவைக் காப்பிடம் உள்ளது. 1946இல் அதனை நிறுவியவர் ஓவியர் பீற்றர் ஸ்கொட். ரஷ்யாவின் வடதுருவக் கரையோரத்தில் குஞ்சு பொரிக்கும் பீவிக் அன்னங்கள், குளிருக்குத் தப்பிச் சுமார் 3,500 கிலோமீற்றர் பறந்து அங்கு வருகின்றன. அவற்றின் சொண்டிலுள்ள மஞ்சளும் கறுப்பும் நமது கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுவதை 1964இல் ஸ்கொட் கவனித்தார். ஓவியரின் கண் அல்லவா! ஒவ்வொன்றின் சொண்டையும் வரைந்து, பெயரும் வைத்தார். அன்று தொடங்கிய பதிவு அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது.

2009-10 மாரியில் சரிண்டி என்ற ஆண் அன்னம், தன் துணையான சருனி இல்லாமல் புதிய பெட்டையுடன் வந்திறங்கியது. இவை பொதுவாக ஆயுள் முழுவதும் ஒரே துணையுடன் வாழ்பவை. ஆகவே சருனி இறந்திருக்கும் என்றே அஞ்சினார்கள். சிறிது காலத்தில் சருனியும் வந்தது, வேறொரு துணையுடன்! பதிவிலிருந்த சொண்டு அதனைக் காட்டிக்கொடுத்தது. நாற்பது ஆண்டுகளில் அவதானித்த சுமார் 4,000 சோடிகளில் இப்படிப் பிரிந்தது இது இரண்டாவது சோடிதானாம்.

இந்த அன்னங்களைப் பிடித்து எக்ஸ்றே எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றிலொன்றின் உடம்பில் வேட்டைக்காரரின் சன்னங்கள் இருந்தன. சுடக்கூடாதென்று சட்டம் இருந்தும் சுட்டிருக்கிறார்கள். சன்னத்தைச் சுமந்துகொண்டே அவை பறந்து வந்திருக்கின்றன.

வன்னியில் ஒரு கிராமத்துப் பெண்கள் கூட்டத்தில் இக்கதையைச் சொன்னேன். பொழுதுபோக்காகத்தான் சொன்னேன். எல்லோரும் புதுத் துணையைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்கள். 2009இல் மகனைத் தொலைத்த அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கிட்ட வந்தார்.

"பிள்ளை, செத்துப்போச்செண்டு நினைச்சது திரும்பி வந்ததெல்லே? அதின்ரை சொண்டை ஆரோ எழுதி வைச்சபடியாத்தானே அடையாளம் கண்டவை?"

"ஓமம்மா."

"என்ரை மகனுக்கு இடது புருவத்திலை ஒரு தழும்பு இருக்கு. சின்னனிலை மாமரத்தாலை விழுந்தவன். அதையும் எழுதுங்கோ."

என்னிடமிருந்த படிவத்தில் பெயர், வயது, காணாமற்போன ஆண்டு ஆகியவற்றுக்குத்தான் இடமிருந்தது. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.