பட்டாவில் இல்லாத பெயர்கள்: நிலப் பதிவுகள் வழியா குடும்ப வரலாறு

எங்க பக்கம் அரியலூர் மாவட்டம், ஜெயங்கொண்டம் பகுதி. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற ஊர்ப்பக்கம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ராஜேந்திர சோழன் எந்தப் பக்கம் படையெடுத்தான்னு எல்லாரும் சொல்லுவோம். கொள்ளுத்தாத்தாவோட அப்பா பேர் என்னன்னு கேட்டா முழிப்போம்.

சாதாரண குடும்பங்களோட பிறப்பையும் இறப்பையும் யாரும் ஒழுங்கா எழுதி வைக்கல. ஆனா நிலவரி வாங்கணும்னா பேர் எழுதித்தானே ஆகணும்? அதனாலதான் இந்த எபிசோட் நிலப் பதிவுகளைப் பத்தி.

முதல்ல எந்த ஊர்ப் பேர்ல தேடணும்னு தெளிவாகணும். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் அதிலிருந்து 2001-ல் பிரிஞ்சு, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பர்ல மறுபடி தனியாச்சு. 1995-க்கு முன்னாடி எழுதின பத்திரத்துல திருச்சிராப்பள்ளி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா அல்லது பெரம்பலூர் தாலுகான்னு இருக்கும்.

அடுத்தது சர்வே எண். டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வார்த்தையில சொல்லணும்னா, இதுதான் பிரைமரி கீ. ஆட்கள் மாறுவாங்க, நிலம் அங்கேயேதான் இருக்கும். அரசோட இ-சர்வீசஸ் தளத்துல பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு மூணும் பார்க்கலாம். 1979-ல் தொடங்கின யூடிஆர் திட்டத்துல, அதாவது நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துல, உட்பிரிவு எண்கள் நிறைய மாறிடுச்சு. 'அ' பதிவேட்டுல பழைய புல எண்ணுக்குன்னே ஒரு பத்தி உண்டு. பின்னோக்கிப் போக அதுதான் வழி. பழைய கிராமக் கணக்குல பசலி ஆண்டு போட்டிருந்தா 590-ஐக் கூட்டுங்க. பசலி 1380-ன்னா 1970 ஜூலையிலிருந்து 1971 ஜூன் வரை.

பட்டா, இப்ப நிலம் யார் பேர்ல இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். கதை இருக்கிறது பத்திரத்துல. அதுக்கு சார்பதிவாளர் அலுவலகம் போகணும். வில்லங்கச் சான்றிதழ் இணையத்துல பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான் கிடைக்கும். அதுக்கு முன்னாடின்னா நேர்ல மனு போட்டுத் தேடணும். அங்க ஆட்கள் பேர்ப்படி ஒரு அட்டவணை, சொத்துப்படி ஒரு அட்டவணைன்னு ரெண்டு உண்டு. சர்வே எண் தெரியலைன்னாலும் பேரை வெச்சுத் தேடலாம். பதிவான உயில் நகலும் வாங்கலாம். எழுதினவர் இறந்த பிறகு யார் வேணா விண்ணப்பிக்கலாம்னு 1908-ம் வருஷப் பதிவுச் சட்டமே சொல்லுது.

பத்திரம் கைக்கு வந்ததும் நேரா நான்கெல்லைக்குப் போங்க. 'இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு'ன்னு வரும். பாகம் பிரிஞ்ச நிலத்துல பக்கத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். ஒரு எல்லை விவரத்துலயே ரெண்டு மூணு பெரியப்பா சித்தப்பா மாட்டுவாங்க.

சரி, பெண்கள் எங்கே? பட்டாவுல அப்பா, மகன், பேரன்னு போகும். ஏதோ அந்தக் குடும்பத்துல பொண்ணே பொறக்காத மாதிரி. அவங்க இருக்கிறது மூணு இடத்துல: மஞ்சள்காணியா நிலம் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரம், கிரயப் பத்திரத்துல விக்கிறவங்க வரிசை, எல்லாத்தையும் விட முக்கியமா விடுதலைப் பத்திரம். 1956 வாரிசுரிமைச் சட்டம் வந்தபிறகு, அப்பாவோட சொந்தப் பங்குல மகளுக்கும் உரிமை வந்துச்சு. 1989-ல் தமிழ்நாடு, அதுவரை கல்யாணம் ஆகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்துலயும் சம பங்கு கொடுத்தது. 2005-ல் அது நாடு முழுக்க வந்தது. ஆனா நடைமுறையில அண்ணன் தம்பிக்காகக் கையெழுத்துப் போட்டு 'விட்டுக்கொடுக்கிற' வழக்கம் போகல.

எங்க வீட்ல தாத்தாவுக்கு ரெண்டு அக்கான்னுதான் சொல்லி வளர்த்தாங்க. 1972-ல் எழுதின ஒரு விடுதலைப் பத்திரத்துல மூணு பெண்களோட ரேகை இருந்தது. மூணாவது அத்தைப்பாட்டியோட வயசு, புருஷன் பேர், வாக்கப்பட்ட ஊர் எல்லாம் அதுல இருக்கு. அந்த ஊருக்குப் போய் விசாரிச்சதுல ஒரு முழுக் கிளையே கிடைச்சது. அவங்க பேரைக் கடைசியா எங்க குடும்பம் எழுதினது, அவங்க உரிமையை விட்டுக்கொடுத்த அன்னிக்குத்தான்.

நிலமே இல்லாத குடும்பம்னா? கூலிக்கு உழைச்சவங்க பேரைப் பட்டா எழுதாது. ஆனா குத்தகைக்கு உழுதிருந்தா, 1969 சட்டப்படி உருவான குத்தகை உரிமைப் பதிவேட்டுல தேடலாம். அரசு கொடுத்த வீட்டுமனைப் பட்டாவும் ஒரு தடயம். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள்னா நில எடுப்புத் தீர்வாணையைக் கேளுங்க. திட்டம் வரல, ஆனா யார் யாருக்கு அந்த நிலத்துல பாத்தியதைன்னு அதுல எழுதியிருக்கும்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. நீங்க வில்லங்கம் போட்டுப் பார்த்தது தெரிஞ்சா, பங்கு கேக்க வந்துட்டான்னுதான் ஊர்ல பேசுவாங்க. அதனால எதுக்காகத் தேடுறீங்கன்னு பெரியவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. பழைய பத்திரங்கள்ல பேரோட ஜாதியும் எழுதியிருக்கும். அதை அப்படியே ஃபேமிலி குரூப்ல போட்டுடாதீங்க.

இந்த வாரம் ஊருக்கு ஒரு போன் போட்டு ரெண்டு கேள்வி கேளுங்க: நம்ம நிலத்தோட சர்வே எண் என்ன? தாத்தாகூடப் பொறந்த பெண்கள் எத்தனை பேர்? ரெண்டாவதுக்குப் பதில் சொல்ல யார் தயங்குறாங்களோ, அங்கிருந்து தேட ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.